வீட்டுக்குள் மண்ணில்லாமல் பூச்செடி: எந்த முறை யாருக்கு ஒத்துவரும்?

மண்ணில்லாமல் சத்து கரைத்த நீரில் செடி வளர்க்க 'ஹைட்ரோபோனிக் செட்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை கீரைக்காகச் செய்தவை. வெள்ளைக் குழாயில் வரிசையாகத் துளைகள், அடியில் ஒரு தொட்டி, அதற்குள் ஒரு சின்ன மோட்டார். லெட்யூஸோ பாலக்கோ போட்டால் விளம்பரப் படத்தில் இருப்பதுபோலவே வரும். அதிலேயே பூச்செடியை நட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

லெட்யூஸை நட்டு முப்பது, நாற்பது நாளில் வேரோடு எடுத்துவிடுகிறோம். செண்டுமல்லி பூக்க ஆரம்பிக்கவே விதை போட்டதிலிருந்து ஐம்பது, அறுபது நாள் ஆகும். அப்புறம் இரண்டு மூன்று மாதம் அது நின்று பூக்க வேண்டும். ஜெர்பராவும் ஆந்தூரியமும் வருடக்கணக்கில் இருக்கும் செடிகள். அத்தனை நாளில் வேர் பெருகும், தலை கனத்துச் செடி சாயும். கீரைக்குப் போதுமான வெளிச்சம் பூவுக்குப் போதாது. கீரைக்கு ஊட்டிய அதே அளவு தழைச்சத்தைப் பூச்செடிக்கும் ஊட்டினால் இலை மட்டும் பச்சைப்பசேல் என்று வரும், மொட்டு வராது. அதனால் பூவுக்கு எந்த முறை என்ற கேள்வியைத் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊரில் இருக்கும் ஒரு அடுக்குமாடி வீடு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு இதில் பாதிப் பிரச்சினை கிடையாது, அவர்கள் கொஞ்சம் தைரியமாகவே தேர்ந்தெடுக்கலாம்.

முறைக்கு முன்னால் வெளிச்சம்

எந்த அமைப்பு வாங்குவது என்று யோசிக்கும் முன், செடி எங்கே நிற்கப் போகிறது என்று பாருங்கள். நம் கண்ணுக்கு 'நல்ல வெளிச்சம்' என்று தெரியும் ஹால் பூச்செடிக்கு இருட்டு. ஜன்னலை ஒட்டிய இரண்டடிக்கு அப்பால் போனாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும்.

நம் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்து போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஐப்பசி முதல் மாசி வரை தெற்குப் பார்த்த ஜன்னலுக்குள் வெயில் நீளமாக விழும். அதே ஜன்னலில் சித்திரை, வைகாசியில் வெளிச்சம் இருக்கும், நேர் வெயில் இருக்காது. 'தெற்கு ஜன்னலே சிறந்தது' என்று ஐரோப்பியரும் அமெரிக்கரும் எழுதுவதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஜன்னல் வெயில் போதாதென்றால் எல்.இ.டி. விளக்குதான் வழி. இரண்டுக்கு இரண்டு அடி இடத்தில் செண்டுமல்லி, பெட்டூனியா, ஜினியா போன்றவற்றைப் பூக்க வைக்க நல்ல தரமான விளக்காகவே 60 முதல் 100 வாட் வேண்டும். 100 வாட் விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால் 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால், அதில் பெரும்பகுதியை அந்த விளக்கே தின்றுவிடும். ஏசி ஓடும் வீட்டில் பில் மேல் படிக்குப் போகலாம். இதோடு ஒப்பிட்டால் மோட்டாருக்கும் ஏர் பம்ப்புக்கும் ஆகும் கரண்ட் ஒன்றுமே இல்லை. 5 வாட் ஏர் பம்ப் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால்கூட மாதம் நாலு யூனிட்டைத் தாண்டாது.

ஆந்தூரியம், பீஸ் லில்லி, ஆப்பிரிக்கன் வயலெட் மாதிரி நிழல் தாங்கும் செடிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. முதல் இரண்டுக்கும் திரைச்சீலை போட்ட ஜன்னல் போதும். வயலெட்டுக்கு இரண்டு சாதாரண எல்.இ.டி. ட்யூப் லைட்டை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டாலே பூக்கும். ஆனால் வயலெட் வெக்கை தாங்காது. பகலிலும் ஏசி போடாத வீடு என்றால் மே மாதத்தைத் தாண்டுவது கஷ்டம்.

செவ்வந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். விளக்கைத் தினம் பதினாறு மணி நேரம் எரியவிட்டால் செடி செழிப்பாக வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. ராத்திரி பதினொரு மணிவரை லைட் எரியும் ஹாலில் வைத்தாலும் இதே கதைதான். வணிகமாக வளர்ப்பவர்கள் கறுப்புத் துணி போட்டு மூடியும், இரவில் பல்பு போட்டும் இதைக் கணக்காகக் கையாளுகிறார்கள். வீட்டில் அவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் செவ்வந்தியை பால்கனிக்கு விட்டுவிடலாம். குண்டுமல்லியும் அப்படித்தான். அது முழு வெயில் கேட்கும் செடி. அதை வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸில் வளர்த்துக் காட்டுவதெல்லாம் வீம்பு.

சூடான தண்ணீரும் கரண்ட் கட்டும்

நம் சமவெளியில் தேர்வைத் தீர்மானிப்பவை இவை இரண்டும்தான். வேருக்கு நீர் எவ்வளவு அவசியமோ, காற்றும் அவ்வளவு அவசியம். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் சூடு ஏற ஏற வேர் சுவாசிப்பது அதிகமாகிறது. தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. கூடவே பித்தியம் என்ற வேரழுகல் கிருமி வெதுவெதுப்பான, காற்றில்லாத நீரில் வேகமாகப் பரவும். வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகிக் கொழகொழத்து, சாக்கடை வாடை வந்தால் அதுதான். ஏசி இல்லாத அறையில் கோடையில் பத்து லிட்டர் வாளித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

கரண்ட் விஷயத்தில், ஒவ்வொரு முறையையும் 'மோட்டார் நின்றால் செடி எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?' என்று கேட்டுப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது ட்ரிப் ஆன ஸ்விட்சும் கரண்ட் கட்தான் என்பதை மறக்க வேண்டாம்.

குழாய், கோபுரம், மூடுபனி

இதில் முதலில் கழித்துவிடலாம் என்று நான் நினைப்பது என்.எஃப்.டி. எனப்படும் குழாய் முறை. 1960களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கியது. சாய்வான குழாயின் அடியில் மெல்லிய படலமாகச் சத்துநீர் ஓடிக்கொண்டே இருக்கும். வேரின் மேல்பாதி காற்றிலும் கீழ்பாதி நீரிலும் இருக்கும். கொள்கையளவில் அழகான ஏற்பாடு. செண்டுமல்லியோ பெட்டூனியாவோ இரண்டு மாதத்தில் பாய் மாதிரி வேர்விட்டுக் குழாயை அடைக்கும். நீர் தேங்கி, பக்கத்துத் துளை வழியாக வழியும். அது உங்கள் டைல்ஸ் தரையில். குழாயில் இருப்பு நீர் கிடையாது என்பதால் கோடையில் மோட்டார் நின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செடி தலை தொங்கும். செங்குத்துக் கோபுரங்களுக்கும் இதே குறைதான், அதோடு கீழ் அடுக்குக்கு வெளிச்சம் போகாது. கீரைக்கு வாங்குங்கள், பூவுக்கு வேண்டாம்.

ஏரோபோனிக்ஸ், அதாவது வேரைக் காற்றில் தொங்கவிட்டுப் பனித்துளியாகச் சத்துநீர் தெளிப்பது, இன்னும் நுணுக்கமானது. வேர் அற்புதமாக வளரும். நம் உப்புத் தண்ணீரில் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும், கரண்ட் போனால் வேர் உடனே காய ஆரம்பிக்கும். பொழுதுபோக்காகப் பொறியியல் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி.

வெள்ளமும் வடிதலும் முறையில், டைமர் வைத்து ஒரு தட்டில் சத்துநீரை ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து வடியவிடுவார்கள். தொட்டியில் இருக்கும் சுட்ட களிமண் உருண்டையோ கோகோபீட் எனும் தென்னை நார்த்தூளோ ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் சில மணி நேரக் கரண்ட் கட்டை இது தாங்கும். பத்து, இருபது தொட்டிகளை ஒரே மேசையில் வைத்திருப்பவருக்கு அருமையான முறை. நாலு செடிக்கு இவ்வளவு அமைப்பு அதிகம்.

வாளி முறைகள்

பலரும் ஆரம்பிப்பது இங்கேதான். மோட்டாரே இல்லாத கிராட்கி முறை, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியது. மூடிய வாளியில் சத்துநீர், மூடியில் துளை, அதில் நெட் பாட் எனப்படும் வலைக்கிண்ணம், அதற்குள் செடி. செடி குடிக்கக் குடிக்க நீர் மட்டம் இறங்கும். இடையில் உண்டாகும் காற்று வெளியில் ஒரு பகுதி வேர் சுவாசிக்கப் பழகிக்கொள்ளும். செலவு ஒரு வாளியும் கொஞ்சம் களிமண் உருண்டையும். ஒருமுறை நிரப்பினால் அறுவடை வரை தொட வேண்டாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

பூச்செடியில் அந்தக் கவர்ச்சி பாதிதான் நிற்கும். முழுதாக வளர்ந்த செண்டுமல்லி வெக்கைக் காலத்தில் தினம் கால் லிட்டர், அரை லிட்டர் என்று உறிஞ்சும், நாலு மாதத்துக்கு ஒரே வாளி போதாது. நடுவில் நிரப்பத்தான் வேண்டும். நிரப்பும்போது பழைய மட்டம் வரை ஊற்றக் கூடாது. காற்றில் வாழப் பழகிய வேர்கள் மூழ்கினால் மூச்சுத் திணறிச் செடி வாடும். பாதி வாளிக்குக் கீழேயே மட்டத்தை வைத்துக்கொண்டால் பிழைக்கும். குள்ள ரக செண்டுமல்லி, காசித்தும்பை போன்ற ஒரு பருவச் செடிகளுக்கு, அதுவும் குளிர்ந்த மாதங்களில், இந்த முறை நன்றாகவே வேலை செய்யும்.

அதே வாளியில் மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப்பையும், குமிழி விடும் ஏர் ஸ்டோனையும் சேர்த்தால் அது ஆழ்நீர் முறை. ஆங்கிலச் சுருக்கத்தில் டி.டபிள்யூ.சி. ஒரு பருவப் பூச்செடிகளில் வளர்ச்சி வேகத்துக்கு இதை மிஞ்ச வீட்டு அளவில் வேறில்லை. செண்டுமல்லி, ஜினியா, பெட்டூனியா, காஸ்மாஸ் எல்லாம் வரும். பெயிண்ட் வாளி 20 லிட்டர் அளவில் கிடைக்கிறது, நன்றாகக் கழுவினால் போதும். சின்ன டப்பாவைவிடப் பெரிய வாளி நல்லது. நீர் அதிகம் இருந்தால் சூடேறவும் நேரமாகும், உப்பின் அடர்த்தியும் சட்டென்று மாறாது. கரண்ட் போனாலும் நீர் அங்கேயே இருக்கிறது. மட்டத்தை ஓரிரு அங்குலம் இறக்கி வைத்திருந்தால் குளிர்மாதத்தில் பாதி நாள்கூடத் தாங்கும், கோடையில் அவ்வளவு நம்ப வேண்டாம். மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் மீன் கடைகளில் கிடைக்கும், இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம். இரவில் குமிழிச் சத்தம் கேட்கும் என்பதால் படுக்கையறைக்கு இது ஆகாது. பம்ப்பை நீர் மட்டத்துக்கு மேலே வைக்கவும். கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியே நீர் திரும்பி இறங்கிவிடும்.

இரண்டு வாளி முறைகளிலும் மூடி பற்றிக் கறாராக இருக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி. இடைவெளி இருந்தால் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிட்டுப் பத்து நாளுக்குள் பறந்துவிடும். கிராட்கி வாளியில் நீர் அசையாமல் நிற்பதால் அங்கே ஆபத்து கூடுதல். நெட் பாட்டை விளிம்புவரை களிமண் உருண்டையால் நிரப்புங்கள், மற்ற துளைகளைக் கொசுவலைத் துணியால் அடையுங்கள்.

திரியும் களிமண் உருண்டையும்

வருடக்கணக்கில் நிற்கும் சின்னச் செடிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். தொட்டியில் கோகோபீட்டும், பெர்லைட் எனும் லேசான வெள்ளைக் கல் துகளும், அடியிலிருந்து ஒரு நைலான் திரி, அது கீழே உள்ள சத்துநீர் டப்பாவுக்குள். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கும் அதே வேலை. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, கரண்ட் போனால் செடிக்குத் தெரியவே தெரியாது. ஆப்பிரிக்கன் வயலெட் வளர்ப்பவர்கள் உலகெங்கும் இதைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். திரி ஏற்றும் நீரின் அளவு குறைவு என்பதுதான் குறை, அதிகம் குடிக்கும் செண்டுமல்லிக்குக் காணாது. பருத்தித் திரி மக்கிவிடும், செயற்கை இழைக் கயிறே நல்லது. மாதம் ஒருமுறை மேலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும்.

ஆந்தூரியத்துக்கும், டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் போன்ற ஆர்க்கிட்களுக்கும் திரிகூட வேண்டாம். சுட்ட களிமண் உருண்டை நிரப்பிய கண்ணாடி ஜாடியிலோ தொட்டியிலோ, அடியில் ஓரிரு அங்குலம் மட்டும் சத்துநீர். உருண்டைகள் ஈரத்தை மேலே கடத்தும், நடுவே காற்று இருக்கும். மரத்தில் ஒட்டி வளரும் பழக்கமுள்ள வேர்களுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. மண்ணிலிருந்து மாற்றும்போது பழைய வேர் கொஞ்சம் அழுகி, புது வேர் வந்த பிறகே செடி நிமிரும். புது வேர் கிளம்பும் சமயத்தில் மாற்றினால் இழப்பு குறைவு. வீட்டுக்குள் தேனீ வராததால் மகரந்தச் சேர்க்கை நடக்காது, ஆர்க்கிட் பூ அதனாலேயே இன்னும் அதிக நாள் வாடாமல் நிற்கும்.

ரோஜா, ஜெர்பரா, செம்பருத்தி என்று பெரிதாகப் போகிறவர்களுக்கு, வெயில் விழும் மூடிய பால்கனி இருந்தால், கோகோபீட்டில் சொட்டுநீர். வணிகப் பசுமைக்குடில்களில் ஜெர்பராவையும் ரோஜாவையும் மண்ணில்லாமல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். வேர் நீரில் மிதப்பதில்லை. கோகோபீட்டே ஒரு நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், செடி சாயாமல் நிற்கவும் பிடிமானம் தரும். சூட்டுக்கும் கரண்ட் கட்டுக்கும் சேர்த்து நம் ஊருக்கு மிகவும் ஒத்துப்போகிற முறை இது என்பது என் கருத்து. மோட்டாரும் டைமரும்கூடக் கட்டாயமில்லை. நாலு தொட்டி என்றால் காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை சத்துநீர் கையாலேயே ஊற்றலாம். கோகோபீட் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போகிற பொருள், நமக்கு மலிவு. வாங்கும்போது கழுவியதா என்று கேளுங்கள். கழுவாததில் உப்பு நிறைய இருக்கும். நாலைந்து முறை அலசி, கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்த பிறகே செடி வைக்க வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டராகிவிடும். வீட்டுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு.

விளக்கும் தொட்டியும் சேர்ந்த மேசைப் பெட்டிகளும் இப்போது விற்கின்றன. உள்ளே இருப்பது ஆழ்நீர் முறையின் சின்ன வடிவம்தான். விளக்கின் உயரம் ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும் என்பதால் குள்ள ரகங்கள் மட்டுமே. பரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் சத்தும்

எந்த முறை எடுத்தாலும் இது பொது. நீரில் கரைந்த உப்பை அளக்க, நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை முதலில் வாங்கி உங்கள் தண்ணீரைப் பாருங்கள். மீட்டரில் 500 என்றால் இ.சி., அதாவது உப்பின் அடர்த்தியைக் காட்டும் மின்கடத்து அளவு, சுமார் 1. ஆர்க்கிட், ஆந்தூரியத்துக்கு மொத்தச் சத்துநீரே 1-க்குள் இருந்தால் போதும்; செண்டுமல்லி, பெட்டூனியாவுக்கு 1.2 முதல் 1.8, ஜெர்பராவுக்கு 2 வரை போகலாம். போர்வெல் தண்ணீரே 800, 1000 காட்டினால் சத்து சேர்க்க இடமே இல்லை. மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்து இறக்க வேண்டும். ஆர்.ஓ. கழிவுநீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் ஊற்ற வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இருக்காது, கலப்பதற்கு அதைப் பிடித்து வைக்கலாம்.

நர்சரியில் கிடைக்கும் 19:19:19 தூளைக் கரைத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போதாது. அதில் கால்சியம் கிடையாது. தழைச்சத்தில் பாதிக்கும் மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், வாளித் தண்ணீரில் அந்த வேலை சரியாக நடக்காது. ஏ, பி என்று இரண்டு புட்டியாக விற்கும் ஹைட்ரோபோனிக் சத்தையே வாங்குங்கள். இரண்டையும் அடர்வாக ஒன்றோடொன்று கலந்தால் கால்சியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் வண்டலாகப் படிந்துவிடும், அதனால்தான் தனித்தனிப் புட்டி. ஒன்றை நீரில் கலக்கிய பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். மொட்டு தெரியும்போது சாம்பல்சத்து கூடுதலான பூப்பருவக் கலவைக்கு மாறலாம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும். கடின நீரில் அது மேலே ஏறிக்கொண்டே போகும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள், மருந்து தேடும் முன் பி.எச். பாருங்கள்.

என்ன வாங்கலாம்

வெயில் வராத, ஆள் இருக்கும்போது ஏசி ஓடும் அறை என்றால் ஆந்தூரியமும் களிமண் உருண்டையும். பகல் முழுதும் ஏசி ஓடுகிறது, ட்யூப் லைட் போடத் தயார் என்றால் வயலெட்டும் திரியும். ஜன்னல் வெயிலோ நல்ல விளக்கோ இருந்து, சீக்கிரம் பூ பார்க்க வேண்டுமென்றால் ஏர் பம்ப் வைத்த 20 லிட்டர் வாளியில் செண்டுமல்லி. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் மோட்டார் சேர்ந்த எதையும் தொடாமல் இருப்பது நல்லது. வெயில் பால்கனி இருந்தால் கோகோபீட், யோசிக்கவே வேண்டாம்.

வாளி முறையை ஆரம்பிக்க நேரம் பார்த்தால் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். தண்ணீர் குளிர்ந்திருக்கும், தெற்கு ஜன்னலில் வெயில் நீண்டிருக்கும், வேரழுகல் தொல்லை குறைவு. அப்போது குள்ள ரக செண்டுமல்லி விதையை ஊன்றினால் பொங்கலுக்குள் பூத்துவிடும். மார்ச் முடிவில் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோடையைத் திரித் தொட்டிகளோடும் களிமண் உருண்டை ஜாடிகளோடும் ஓட்டிவிடலாம்.